தூக்கு, இறக்கு, கரோலின்

"இப்ப தூக்குவா பாரு," என்று எண்ணூர் கூடைப்பந்து அணியின் மதி தன் தோழியிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

மெர்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்து இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ஆள்காட்டி விரலை மேலே நீட்டி ஒரு சுழற்று சுழற்றியிருந்தாள், அவ்வளவுதான்.

அது ராயபுரம் அணியின் ரகசிய சைகை. 'தூக்கு' என்றால், கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் நெட்டைச் சாராவுக்குப் பந்து உயரமாகப் போகும். விரலைக் கீழே சுழற்றினால் 'இறக்கு'. அப்போது பந்து தரையில் தட்டி ரூஹிக்குப் போகும். மெர்லினின் அப்பா துறைமுகத்தில் கிரேனுக்குச் சிக்னல் காட்டுபவர். அவரைப் பார்த்து மெர்லின் அமைத்த சைகைகள் இவை. அதில் அவளுக்குப் பெருமையோ பெருமை.

கை நிற்கவில்லை, பந்தை வீசிவிட்டாள். சாராவைச் சுற்றி ஏற்கெனவே இரண்டு பேர் குதித்தார்கள். பந்து அவர்கள் கையில் பட்டுக் கோட்டுக்கு வெளியே ஓடியது. நடுவர் விசில் ஊதினார்.

"உனக்கு எப்டி தெரியும்?" என்று மதியிடம் கேட்டாள் மெர்லின்.

"எங்க நைனா கிரேன் ஓட்டுறாரு. கீழ நிக்கிறவரு இதத்தான காட்டுவாரு? ஆட்டம் ஆரம்பிச்சதுலருந்து பாத்துகினுதான் கீறோம்."

மெர்லின் தலையில் அடித்துக்கொண்டாள். எண்ணூரிலும் துறைமுகம் இருக்கிறது. அங்கேயும் கிரேன் இருக்கிறது. இது எப்படித் தன் மண்டையில் ஏறாமல் போனது?

ராயபுரம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. இறுதி ஆட்டம், கடைசி நிமிடம். இதில் தோற்றால் மாவட்டப் போட்டிக்குப் போக முடியாது. தோழிகளிடம் சொல்லலாம் என்றால், மதி அவள் நிழலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ரூஹி கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை மெர்லினுக்கு எறிந்தாள். மெர்லின் பந்தைத் தட்டியபடியே சுற்றிப் பார்த்தாள். சாராவிடம் ஆள். ரூஹியிடம் ஆள். இடது மூலையில் மட்டும் ஒருத்தி தனியாக நின்றாள். அது கரோலின். பக்கத்தில் ஈ, காக்கை இல்லை.

ஏன் இல்லை? ஆட்டம் முழுக்க அவளுக்கு ஒரு பந்துகூடப் போகவில்லை. யார் அவளைக் காவல் காப்பார்கள்?

பந்து கொடுக்காதது யார்? மெர்லினுக்கு உறைத்தது. தான்தான்.

கரோலின் பெரம்பூரிலிருந்து குடிவந்தவள். அப்பாவுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. கிரேன் சைகை எதுவும் அவள் தலையில் நிற்கவில்லை. "ஏ புதுப்பொண்ணு, சிக்னல ஒயுங்கா கத்துக்கினு வா. அப்புறம் பந்து தரேன்," என்று மெர்லின் கறாராகச் சொல்லியிருந்தாள்.

இப்போது மெர்லின் விரலை மேலே நீட்டிச் சுழற்றினாள்.

"தூக்குறா!" என்று மதி கத்தினாள். எண்ணூர் அணி சாராவிடம் பாய்ந்தது. பாவம், சாராவும் நம்பிக் கையைத் தூக்கினாள். நடுவில் வழி திறந்தது. மெர்லின் கூடையை நோக்கி ஓடினாள். பதறிப்போய் மதியும் இன்னொருத்தியும் அவளை மறித்தார்கள்.

மெர்லின் மூலையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கரோலின்!"

பந்து வந்து நெஞ்சில் மோதியதும் கரோலினின் கண்கள் விரிந்தன. பந்தைப் பார்த்தாள். மெர்லினைப் பார்த்தாள்.

"இன்னா பண்ணட்டும்?"

"போடு."

போட்டாள். பந்து வளையத்தில் மோதி, யோசித்து, ஒருவழியாக உள்ளே விழுந்தது. ஆட்டம் முடிந்ததாக நடுவர் விசில் ஊதினார்.

முதலில் சாராதான் கூச்சல் போட்டாள். பிறகு எல்லோரும் கரோலினைத் தூக்கிக்கொண்டார்கள். அவளோ, "நானா போட்டேன்? நெஜமாவா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதி மூச்சு வாங்கியபடி வந்தாள். "எல்லாம் புரிஞ்சுது. கடைசில ஏதோ கத்தினியே, அது இன்னா சிக்னல்? எங்க நைனாவுக்கே தெரியாது போல."

"அது சிக்னல் இல்ல. அவ பேரு," என்றாள் மெர்லின்.

கரோலின் மெதுவாகத் திரும்பினாள். "என் பேரு உனுக்குத் தெரியுமாக்கா?"

மெர்லினின் காது சூடானது. இத்தனை வாரமும் அவள் அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"தெரியும்," என்று சொல்லிப் பந்தை அவளிடம் நீட்டினாள். "வா கரோலின், பரிச நீதான் வாங்கணும்."