முடுக்கில் ஒரு வரி வசூல்

காயல்பட்டினம் மைதீன் பாத்திமாவின் மானம்... விலை ரூபாய் அறுபத்தோராயிரத்து நானூற்று இருபது.

விலையைச் சொன்னது ஒரு போன்.

மீன் ஆணத்துக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தவள் மிக்ஸியை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"மைதீன் பாத்திமாவா? வருமான வரி ஆபீஸ்."

"ஆமா... என்ன சார்?"

"ஆன்லைன்ல பழைய சாமான் விக்கிறீங்க. ரெண்டு வருஷத்துல ஆறு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூறு ரூபா. பதினேழு வாட்ச். முப்பத்திரண்டு சென்ட் பாட்டில். ஒன்பது கல்யாணச் சேலை. உங்களுக்கு மொத்தம் எத்தனை கல்யாணம்மா?"

பாத்திமா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

அத்தனையும் அவளுடையது அல்ல. பதினோரு வீட்டுப் பெண்களுடையது. வளைகுடாவில் புருஷனுக்குச் சம்பளம் பாதியானவள், வேலையே போனவள், மூன்று மாதமாகப் போன் வராதவள்... பெட்டி பெட்டியாக வந்த சாமான் ஒவ்வொன்றாக வெளியே போயிற்று. யார் பேரும் ஊருக்குத் தெரியக் கூடாது. அதனால் எல்லாம் பாத்திமா பேரில். அவள் போன், அவள் பான் கார்டு, அவள் வங்கிக் கணக்கு.

சாமான் வந்தது முடுக்கு வழியாக. வீடுகளின் பின்பக்கம் பெண்கள் மட்டுமே நடக்கும் சந்து அது.

"எல்லாம் எங்க வீட்டுச் சாமான்தான் சார்."

"அப்ப பதினோரு வீட்டுக்கும் ஆள் அனுப்புறேன். யார் யார் எதை வித்தாங்கன்னு வாசல்ல நின்னு சத்தமா வாசிக்கட்டும்."

"சார்... சார். என்ன செய்யணும் சொல்லுங்க."

"அறுபத்தோராயிரத்து நானூத்தி இருபது. ஃபைலை மூடிடலாம்."

பாத்திமாவின் வாப்பா பஜாரில் கடை வைத்திருந்தவர். பயத்திலும் பழக்கம் போகவில்லை.

"முப்பதுன்னா இன்னைக்கே முடிச்சிரலாம் சார்."

"அறுபத்தோராயிரத்து நானூத்தி இருபது."

"நாப்பது."

"அறுபத்தோராயிரத்து நானூத்தி இருபது."

"அந்த நானூத்தி இருபதையாவது விடுங்களேன்."

"நாளைக்கு மதியம் லுஹர் பாங்கு சொன்னதும், உங்க முடுக்குல, கடைசிக் கிணத்துச் சுவர் மேல பணம் இருக்கணும்."

போன் அணைந்தது.

லஞ்சம் கேட்பவனைப் பார்த்திருக்கிறாள். பேரம் பேசாமல் லஞ்சம் கேட்பவனைப் பார்த்ததில்லை.

அதோடு... ஆண்கள் கால் வைக்காத முடுக்கில் கிணறு இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்?

*

மதியம். பாளையங்கோட்டையில் வரி ஆலோசகர் ஆவுடைநாயகத்தின் அறை. யார் பேரையும் சொல்லாமல் சாமான் விற்றதையும் போன் வந்ததையும் சொன்னாள் பாத்திமா.

"நீங்க கட்டின சேலை, உங்க வீட்டு மிக்ஸி... இதை வித்தா வரி கிடையாதும்மா," என்றார் அவர். "நகைன்னாதான் கணக்கு வேற."

"ஒத்த ரூபாகூட இல்லையா அண்ணாச்சி?"

"இல்லங்கேன். ஆனா பதினோரு வீட்டுச் சாமானை ஒரே பேருல வித்திருக்கியளே, அதுதான் தப்பு. ஆன்லைன் கம்பெனிக்காரன் கண்ணுக்கு அது கடை. உங்க பேருல தொகையை மேல அனுப்பிருவான். ஆபீஸ்ல கேட்டா யார் சாமான்னு எழுதிக் கொடுத்தாப் போதும். போன்ல துட்டு கேக்கவன் ஆபீசர் இல்ல, களவாணிப் பய. வாங்க, போலீசுக்குப் போவோம்."

"போலீசு வேண்டாம் அண்ணாச்சி."

"வரியே இல்லங்கேன். அதுக்கு ஏம்மா மூஞ்சி இப்படி வெளுக்கு?"

பாத்திமா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திருச்செந்தூர் ரயிலில் ஜன்னலோரம். ஸ்ரீவைகுண்டத்து வாழைத் தோட்டங்கள் ஓடின. அவள் கண்ணில் பட்டதெல்லாம் ஒரே கணக்கு.

ஆறு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூறு. அதில் நூற்றுக்குப் பத்து.

அறுபத்தோராயிரத்து நானூற்று இருபது!

இரண்டு வருஷத்துக்கு முன் முதல் சேலையை விற்றுக் கொடுத்தபோது, "வரி பிடிப்பாங்களா ராத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். வாய் தவறி வந்தது... "நூத்துக்குப் பத்து." அந்தப் பத்து பிறகு வாயைவிட்டுப் போகவே இல்லை. பதினோரு பேரிடமும் பிடித்தாள். அரசாங்கத்தின் பேரில். அரசாங்கத்துக்கே தெரியாமல்.

போனில் பேசியவன் கேட்டது லஞ்சம் இல்லை.

அவள் எடுத்ததைத்தான்.

இறங்கியதும் நேரே அடகுக் கடைக்குப் போய் இரண்டு வளையலைக் கழற்றினாள்.

*

மறுநாள். லுஹர் பாங்கு.

முடுக்கில் ஈ காக்கை இல்லை. கிணற்றுச் சுவரில் மஞ்சள் பையை வைத்தாள் பாத்திமா. திரும்பினாள்.

ஒரு கதவு திறந்தது.

அடுத்து இன்னொன்று. அடுத்து எதிர்வரிசையில்...

மொத்தம் பதினோரு பின்கதவுகள். பதினோரு பெண்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பாத்திமாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முன்னால் வந்தவள் ஃபர்ஹத். கல்யாணமாகி நான்கு வருஷம். விற்றதில் முதல் சேலை அவளுடையது.

"எண்ணிட்டு வச்சியளா ராத்தா?"

"நீயா பிள்ள? போன்ல பேசினது யாரு?"

"எங்க வீட்டு அவுஹதான்."

"அவரு சார்ஜாவுலல்லா இருக்காரு?"

"மூணு மாசமா மாடியில இருக்காஹ. வேலை போச்சு. ஊர் மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டு இறங்கவே இல்ல. போன வாரம், அரசாங்கம் வரியைப் பத்துல இருந்து பன்னெண்டாக்கிட்டுன்னு வந்து சொன்னியள்லா? அதைக் கேட்டு அவுஹ சிரிச்சாஹ. வந்ததுல இருந்து அன்னைக்குத்தான் சிரிச்சாஹ. பட்ஜெட் போட்டது யாருன்னு கேட்டாஹ. நான் வீடு வீடாப் போயி அவவ வித்ததையும் வரி கொடுத்ததையும் கேட்டுக் கூட்டினேன்."

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "எங்களுக்கும் சந்தேகம்தான். ரசீது கேட்டா பேரு எழுதணுமேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தோம்."

பாத்திமா முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

"போலீசுக்குச் சொல்லுங்க."

"சொன்னா எங்க சேலையும்லா ஸ்டேஷனுக்கு வரும்," என்றாள் ஃபர்ஹத். பையைப் பிரித்து எண்ண ஆரம்பித்தாள். "ரெண்டு வருஷமா எங்க பேரு ஒண்ணுகூட வெளிய போகல. அதுக்குக் கூலி உண்டு. நூத்துக்கு ரெண்டு. பன்னெண்டாயிரத்து இருநூத்தி எம்பத்தி நாலு உங்களுக்கு. நாப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்தாறு எங்களுக்கு."

நோட்டை வாங்கி முந்தானையில் முடிந்தாள். பாத்திமா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இந்தக் கூலி... நமக்குள்ளயே இருக்கட்டும் பிள்ள."

மாடி ஜன்னல் அரை அடி திறந்தது. ஆள் தெரியவில்லை. போனில் கேட்ட அதே குரல் மட்டும் இறங்கி வந்தது.

"முடியாது ராத்தா. பழைய சாமான் வித்த காசுக்குத்தான் வரி இல்ல. இது கமிஷன். வருமானம். கணக்குல காட்டணும்."

ஆக, ஆறு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூறு ரூபாய் வியாபாரத்தில் அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டிய ஒரே வருமானம்: பன்னிரண்டாயிரத்து இருநூற்று எண்பத்து நான்கு.

வெட்கத்துக்கு இன்னும் யாரும் வரி போடவில்லை. போட்டிருந்தால்... மாடி உட்பட அந்த முடுக்கு முழுக்கப் பாக்கி.