சுவர் யாருக்காக ஒதுங்கியது

கதவோரத்தில் யாரும் உட்காருவதில்லை. அங்கே நாற்காலி இல்லை, மேசை இல்லை, தண்ணீர் கேன்கூட இல்லை. ஆனாலும் கணினித் திரையில் சுவர் அந்த இடத்தில் பின்வாங்கி வளைந்திருந்தது, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்காக நகர்ந்து கொடுப்பவரைப் போல.

அலுவலகத்துக்குப் போடப்போகும் புதுச் சுவரின் கணக்கை ஹுமேரா மென்பொருளில் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஆள் உட்காரும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால், மென்பொருள் அந்தப் புள்ளியிலிருந்து சுவரைத் தள்ளி வளைத்துக் கொடுக்கும். அவ்வளவுதான் விஷயம். அவள் வைத்தவை இரண்டே புள்ளிகள்: முதலாளிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. சுவரில் விழுந்த பள்ளங்களோ மூன்று. மூன்றாவது பள்ளம் தரையிலிருந்து கூரை வரை ஏறி, அதிலும் அடங்காமல் கூரையோடு கொஞ்சதூரம் படுத்திருந்தது. நிமிர இடமில்லாமல் கழுத்தை மடக்கி நிற்கிற ஒருவருக்கு அளவெடுத்ததுபோல.

முதலாளியிடம் காட்டினாள். கே.ஜி.கண்டிகையில் வேதாசலமாகப் பிறந்து, வெளிநாட்டில் மூன்று வாரப் பயிற்சி முடித்து, திருத்தணிக்கு வெறும் 'வேதா'வாகத் திரும்பியவர் அவர். கட்டடம் கட்டுகிறவர் என்று சொன்னால் கோபம் வரும். அவர் வடிவங்களோடு உரையாடுகிறாராம். கணினியில் கோப்பைத் திறக்க எதை அழுத்துவது என்பது மட்டும் அந்த உரையாடலில் இன்னும் வரவில்லை.

"நாம போடாதது வந்துகினு இருக்குது சார். தப்பு எங்கன்னு தெரியல."

"தப்பில்லம்மா, கணிதம் பேசுது." வேதா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம காது குடுக்கணும், அவ்ளோதான்."

காது கொடுத்தார். பிளைவுட்டைப் பட்டை பட்டையாக இயந்திரத்தில் அறுத்து, பட்டைக்குப் பட்டை விரல் நுழையும் இடைவெளி விட்டு, அலுவலகச் சுவர் நெடுக அந்த வளைவையே நிறுத்திவிட்டார்கள். மாட்ட வந்த தச்சர் முருகவேல் கதவோரப் பள்ளத்தில் முதுகைப் பொருத்திப் பார்த்தார். உடனே வெளியே வந்துவிட்டார். யாருக்குங்க இங்க எடம் புடிச்சி வெச்சிகிறீங்க என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார்.

அரக்கோணத்தில் மெக்கானிக்காக இருந்த ஹுமேராவின் அண்ணன் இலியாஸ் வேலையை விடச் சொன்னான். ஆளே இல்லாத எடத்துக்கு ஒதுங்குற சொவருகிட்ட நீ இன்னாத்துக்குக் குந்திகினு இருக்கற என்று போனில் திட்டினான். அவள் விடுவதாக இல்லை. ஐந்து வருடமாக அவள் போட்ட கோடெல்லாம் வேதாவின் பெயரில் போயிருந்தது. இந்தச் சுவரின் திறப்பு விழாவில்தான், வடிவமைத்தது இவள் என்று நாலு பேர் முன்னால் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். இந்த ஒரு சுவராவது.

திரையில் மூன்றாவது பள்ளம் நகரத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அவள் நாற்காலிப் பக்கம் கொஞ்சம். நாற்காலியை வேறு பக்கம் போட்டுக்கொள்கிறேன் என்றாள். நீ நகர்ந்தால் சுவரே பொய்யாகிவிடும் என்று சொல்லி, வேதா நாற்காலியைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கச் செய்தார்.

ஆடிக் கிருத்திகை அன்று மாலை திறப்பு. விருந்தினர்களைக் கூட்டத்திலிருந்து பிரித்து அழைத்துவரக் கிளம்பிய வேதா, காவடிக்காரர்கள் உள்ளே வந்து கக்கூஸ் கேட்பார்கள் என்று ஷட்டரை இழுத்துவிட்டுப் போனார். வெளியே பம்பை அதிர்ந்தது. மலையேறுகிறவர்களின் அரோகராவும், ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்களின் பெயர்களும், மிதிபட்ட சாமந்தியும் கற்பூரமும் வியர்வையும் கலந்த வாசனையும் ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே வந்து, புதுப் பிளைவுட்டின் பசை நெடியில் முட்டி நின்றன. அதற்கும் அடியில், ஈரத்துணியை நெடுநாள் மூடிவைத்தது போன்ற வேறொரு வாசனை, யாரோ மூச்சுவிடும் தாளத்தில் வந்து வந்து போனது.

விருந்தினர்களுக்குக் காட்ட வேண்டுமே. கணக்கை ஓட்டினாள்.

கதவோரத்தில் சுவர் நேராக இருந்தது. கூரை வரை ஏறிய பள்ளம் அவள் நாற்காலியைச் சுற்றி நின்றது. அவளுடைய புள்ளியைத் தேடினாள். இருந்தது. சுவருக்குள் இருந்தது.

திரும்பி நிஜச் சுவரைப் பார்த்தாள். கதவோரம். தட்டை. வளைவே இல்லை.

பிளைவுட் முனகியது. முதுகுக்குப் பின்னால்.

எழுந்தாள். தோளில் பலகை இடித்தது. மறு தோளிலும். துப்பட்டா மெல்ல உருவப்பட்டது. கத்தினாள். பம்பை. ஒலிபெருக்கி. யாரோ ஒருவரின் பெயர்.

இருட்டு.

பிறகு, பட்டை பட்டையாக வெளிச்சம்.

ஷட்டர் ஏறியது. வேதா, விருந்தினர்கள், கேமராக்காரர். பலகை இடுக்கு வழியாக ஹுமேரா எல்லோரையும் பார்த்தாள். தன் நாற்காலியையும் பார்த்தாள். தன் பச்சைத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்த நீண்ட முதுகைப் பார்த்தாள். சார் என்று கூப்பிட்டாள். குரல் பிளைவுட்டைத் தாண்டவில்லை. வேதா நாற்காலிப் பக்கம் கையை மட்டும் காட்டினார்; முகம் கேமராவைப் பார்த்தே இருந்தது. ஐந்து வருடத்தில் ஒருநாளும் அவர் அந்த நாற்காலியில் இருப்பவளின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

"இந்தச் சுவர் மொத்தமும் இவங்க பண்ணதுதாங்க. பேரு ஹுமேரா."

கைதட்டினார்கள். நாற்காலியில் இருந்தது எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. கூரை தட்டியதும் கழுத்தை மடக்கி, எல்லோர் தலைக்கு மேலும் துப்பட்டா தொங்கக் குனிந்து நின்றது.

"எவ்ளோ பணிவு பாருங்க," என்றாள் முன்னால் நின்ற பட்டுப்புடவை அம்மாள்.