சி டிரைவைத் தின்றது யார்?

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள கம்ப்யூட்டர் உயிரோட வரலைன்னா என் பொழப்பு போச்சு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்த அந்தப் பெண், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவள். பரீட்சைக்கு வேண்டிய வரலாற்றுப் பாடம் முழுவதும் வீட்டுக் கணினியில் இருந்தது. அதுவோ சி டிரைவில் இடமில்லை என்று சொல்லிப் பாடத்தைத் திறக்கவே மறுத்தது.

"நான் அழிக்க அழிக்க நிறையுதுக்கா. எல்லாம் என் வீட்டுக்காரர் வேலைதான். நான் வெளிய போற பகல் நேரத்துல, நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வீட்டுல இருக்கிறது அவர் மட்டும்தான். படமா இறக்கித் தள்ளுறாரு. கேட்டா சத்தியம் பண்றாரு. நேத்து சண்டை முத்திப்போய்ப் பெட்டியே கட்டிட்டாரு."

"ஃபார்மட் பண்ணிடுவோம், சுத்தமாயிடும்!" என்று துள்ளி எழுந்தார் கடைக்காரம்மாவின் கணவர். எந்த நோய்க்கும் அவரிடம் இந்த ஒரு மருந்துதான். அதனால் தெருவே அவரை 'ஃபார்மட்' என்றுதான் கூப்பிடும்.

"பாடமும் சேர்ந்து சுத்தமாயிடும். பையை எடுங்க, போவோம்," என்றார் கடைக்காரம்மா. அவசரம் என்பது அவர் உடம்பிலேயே கிடையாது.

அந்த வீட்டு ஹாலில் பெண்ணின் அப்பா சக்கர நாற்காலியில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் முடக்கியிருந்தது.

"பேச முடிஞ்சப்போவே என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. காதல் கல்யாணமாச்சே," என்று அவள் கிசுகிசுத்தாள்.

பதிவு அறையின் ஜன்னலில் தடித்த போர்வை தொங்கியது. பதிவைத் தொடங்கும் விசையில் அடையாளத்துக்குச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தாள். நாற்காலி மட்டும் மூலையில் கிடந்தது.

"இது எப்பவும் மூலையிலதானா?"

"இல்லக்கா, இதுல உட்கார்ந்துதான் வாசிப்பேன். பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்து பார்த்தா மூலையில கிடக்கும். நான் ஓடவிட்டுட்டுப் போன கம்ப்யூட்டரோட சுவர் சுவிட்சும் ஆஃப் ஆகியிருக்கும், மைக்கும் நான் வெச்சதைவிடக் கீழ வளைஞ்சிருக்கும். திருட்டுத்தனத்தையாவது ஒழுங்காப் பண்ணக் கூடாதா இந்த மனுஷன்?"

"புரிஞ்சுபோச்சு! நின்னுக்கிட்டே படம் இறக்கியிருக்காரு!" என்றார் ஃபார்மட்.

"நின்னவருக்கு மைக் எதுக்கு? அதுவும் இவ்வளவு கீழ வளைஞ்சு?" என்றார் கடைக்காரம்மா.

ஃபார்மட் கணினியை முடுக்கினார்.

கணினியைத் துழாவியதில் ஒரு படம்கூட இல்லை. பதிவு மென்பொருளின் மறைவான ஃபோல்டர் ஒன்றில்தான் பெரிய பெரிய ஒலிக்கோப்புகள் குவிந்திருந்தன.

"குப்பை! அழிச்சிடவா?" ஃபார்மட்டின் விரல் விசைக்குப் போயேவிட்டது.

"கையை எடுங்க. என்னன்னு கேட்காம எதையும் அழிக்கக் கூடாது."

கடைக்காரம்மா எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றினார். சி டிரைவ் காலியானது. வரலாற்றுப் பாடம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பத்திரமாகத் திறந்தது. "அப்பாடா!" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளறையிலிருந்து பெட்டியோடு கிளம்பிய அவளுடைய கணவர், பதிவு அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"நீங்களும் வாங்க சார்," என்றார் கடைக்காரம்மா. "மைக் உட்கார்ந்து பேசறவர் உயரத்துல இருக்கு. ஆனா நாற்காலி இடைஞ்சல்னு ஓரம் தள்ளியிருக்கு. அப்போ வந்தவர் நாற்காலியோடவே வந்தவர். சிவப்புப் பொட்டை அழுத்தினாப் பதிவு ஆரம்பிக்கும்னு பார்த்து வெச்சிருக்காரு, நிறுத்தத் தெரியலை. பொண்ணைக் கூட்டிட்டு நீங்க வர்ற சத்தம் கேட்டதும் சுவர் சுவிட்சை அணைச்சிருக்காரு. சேமிக்காத பதிவை மென்பொருள் தூக்கிப் போடாம ஒளிச்சு வெச்சிடுச்சு. சார் தூங்குறப்போ தினமும் மணிக்கணக்கா ஓடினா டிரைவ் என்ன ஆகும்?"

"ஆனா வீட்டுல..."

"அவர் மட்டும்தான்னு சொன்னீங்க. ஹால்ல ஒருத்தர் இருக்காரே, அவரை நீங்க கணக்குலயே சேர்க்கலை."

அவள் ஹாலில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரம்மா முதல் கோப்பை ஓடவிட்டார். சக்கரம் கிறீச்சிட்டது. "மா... மா..." என்று முக்கல். நெடுநேரம் ஒன்றுமில்லை. அடுத்ததில், "மாப்... மாப்..." கடைசிக் கோப்பில் அந்தக் குரல் தடுமாறி, மூச்சு வாங்கி, முழுசாக வந்தது.

"மாப்பிள்ளை... சாப்... சாப்பிட்டீங்களா?"

அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நினைச்சுட்டேங்க. மன்னிச்சுடுங்க."

"நல்லவேளை, நான் ஃபார்மட் பண்ணலை," என்று மூக்கை உறிஞ்சினார் ஃபார்மட்.

கணவர் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார். டி.வி.யை அணைத்து, சக்கர நாற்காலியின் எதிரே மண்டியிட்டார்.

"இன்னும் சாப்பிடலை மாமா. வாங்க, சேர்ந்து சாப்பிடுவோம்."