செத்தவருக்குச் சம்பளப் பிடித்தம்

போன் அடித்தது.

காலை பதினொன்று பத்து.

பென்ஷன் அலுவலகத்தின் மூன்றாவது மாடி. பிடித்தக் கணக்குப் பிரிவு. ஏழு மேஜைகள். ஆறு பேர் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். ஏழாவது மேஜையை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது.

அந்த மேஜைக்காரிக்கு ஐம்பத்தொரு வயது. எதைச் சொன்னாலும் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்கிற பழக்கம். அதனால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் ‘சதவீதம்’. கல்யாணம் ஆகவில்லை. தனி வீடு. தனிச் சமையல். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாயைத் திறப்பது பல் தேய்க்க மட்டும்தான்.

ரிசீவரை எடுத்தாள்.

“பிடித்தக் கணக்குப் பிரிவு.”

மறுமுனையில் ஒரு பெண் குரல். தயங்கியது.

“மேடம்... செத்தவங்களுக்கு யாராவது சம்பளம் தருவாங்களா?”

“புரியலை. யாரு செத்தது?”

“எங்க மாடியில வாடகைக்கு இருந்தவர். நாலு வருஷம் முன்னாடி ரூம்ல தீப்பிடிச்சு செத்துட்டார். சொந்தம்னு யாரும் வரலை. நான்தான் அடக்கம் பண்ணேன். நேத்து அவர் பேருக்கு உங்க ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. போன மாசம் வரைக்கும் பிடித்தம் கட்டியிருக்கார்னு போட்டிருக்கு.”

சதவீதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“லெட்டர்ல மேல ஒரு நம்பர் இருக்கும். படிங்க.”

அந்தப் பெண் படித்தாள். நான்காவது இலக்கத்திலேயே சதவீதத்தின் பேனா நின்றுவிட்டது. மீதி இலக்கங்கள் அவளுக்கே மனப்பாடம்.

“அந்த லெட்டரை எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்பி வாங்க” என்றாள்.

பேனாவை மூடாமலே ரிசீவரை வைத்தாள்.

*

பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பெண் வந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லர் அக்கா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து வந்திருந்தாள்.

அவளுக்கு முன்பே ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தீ விபத்தை அப்போது விசாரித்து, விபத்து என்று எழுதி மூடிய இன்ஸ்பெக்டர். சதவீதம்தான் போன் பண்ணி வரவழைத்திருந்தாள். மூடிய பைலைத் திறக்க வேண்டுமே என்ற கடுப்பு அவர் மீசை வரை தெரிந்தது.

“செத்த ஆளோட கணக்கை நீங்க ஏன் மூடலை?” என்று ஆரம்பித்தார்.

“சாவை எங்களுக்குச் சொல்ல வேண்டியது வாரிசு. அவருக்கு வாரிசு இல்லை. யாரும் சொல்லலைன்னா எங்க ரெஜிஸ்டர்ல எல்லாரும் உயிரோடதான் இருப்பாங்க சார்.”

“இந்த லெட்டர்?”

“அம்பத்தெட்டு வயசு முடிஞ்சதும் மிஷினே அனுப்பும். பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, கணக்கைச் சரிபாருங்கன்னு. எங்ககிட்ட இருந்தது பழைய விலாசம்.”

“கட்டறது யாரு?”

“ஒரு பாட்டில் கழுவற பேக்டரி. இங்கிருந்து ஆறு மணி நேரம். தீ விபத்து நடந்த அடுத்த மாசத்துல இருந்து மாசம் தவறாம கட்டறாங்க.”

இன்ஸ்பெக்டர் மெல்ல விசிலடித்தார்.

சதவீதம் தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

“இங்க பாருங்க. சம்பளம் பதினெட்டாயிரம். நூத்துக்கு எட்டு தொழிலாளி பங்கு. சம்பளத்துல பிடிப்பாங்க. ஆயிரத்து நானூத்து நாப்பது. நூத்துக்குப் பன்னிரண்டு முதலாளி பங்கு. அவர் கைக்காசு. ரெண்டாயிரத்து நூத்து அறுபது.”

“சரியாத்தானே இருக்கு?”

“தப்பு. அம்பத்தஞ்சு வயசு தாண்டினா ரெண்டு பங்கும் குறையணும். தொழிலாளிக்கு அஞ்சு, முதலாளிக்கு ஏழு. மூணு வருஷமா மாசாமாசம் ஆயிரத்து நானூத்து நாப்பது அதிகமா கட்டியிருக்காங்க. எந்த முதலாளியாவது கட்ட வேண்டியதுக்கு மேல கட்டுவாரா சார்?”

“கட்ட வேண்டியதையே கட்ட மாட்டாங்க.”

“அப்ப அந்த பேக்டரி கணக்குல இவருக்கு வயசு அம்பத்தஞ்சுக்குக் கீழ.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

“வயசைக் குறைச்சுச் சொல்லி வேலைக்குச் சேர்ந்திருக்கான். ஆக, மாடிக்காரன் சாகலை. வேற எவனையோ கொன்னு, கட்டில்ல போட்டு, ரூமைக் கொளுத்திட்டுப் போயிட்டான். அடையாளம் சொல்ற மாதிரி பாடி இல்லை. அவன் ரூம்ல கிடந்ததால அவன்தான்னு நானும் எழுதினேன்.” பெருமூச்சு விட்டார். “அப்ப அந்த பாடி யாரு?”

மின்விசிறி மட்டும் கடகடத்தது.

டெய்லர் அக்கா அளவு நாடாவைக் கழற்றி உள்ளங்கையில் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றினாள்... பிரித்தாள்... மறுபடி சுற்றினாள்.

“சார், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்மா.”

“தீப்பிடிக்கறதுக்கு மூணு நாள் முன்னாடி என் வீட்டுக்காரர் வீட்டை விட்டுப் போயிட்டார். எவளோடவோ ஓடிட்டார்னு தெருவே பேசிச்சு. நானும் அப்படித்தான் நினைச்சேன். வெக்கமா இருந்துச்சு. போலீஸ்ல கூடச் சொல்லலை.”

“ம்...”

“ஒருவேளை திரும்பி வந்திருப்பாரோ சார்? எனக்குத் தையல் கடை. அன்னிக்கு மத்தியானம் துணி குடுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தப்ப மேல எரியுது. வீட்ல என்னைக் காணோம்னு மாடிக்கு ஏறியிருப்பாரோ?”

இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையாட்டினார்.

டெய்லர் அக்கா அழவில்லை. அவள் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. பார்க்கவே சங்கடமான வெளிச்சம்.

“அப்ப அவர் ஓடிப்போகலை” என்றாள். “என்கிட்டதான் வந்திருக்கார்.”

*

மறுநாள் காலை போலீஸ் ஜீப் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் முன்னால். பெண்கள் இருவரும் பின்னால். மாடிக்காரரை அடையாளம் காட்ட டெய்லர் அக்கா வேண்டும். பேக்டரி ரெஜிஸ்டரைப் பார்க்கும் அதிகாரம் சதவீதத்துக்கு மட்டுமே உண்டு.

டெய்லர் அக்கா பேசிக்கொண்டே வந்தாள். நாலு வருஷம் பேசாததை எல்லாம் பேசினாள்.

“என் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலைன்னு எதுவும் நிலைச்சதில்லை மேடம். ஆறு மாசம் இங்க, மூணு மாசம் அங்க. ‘மாடிக்காரரைப் பாரு, இருபத்தேழு வருஷம் ஒரே லாரி எடைமேடையில வேலை பார்க்கிறார், வயசானா கால் மேல கால் போட்டுச் சாப்பிடுவார்’னு புலம்புவார். மாடிக்காரரும் பென்ஷன் பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டுவார். முப்பது வருஷம் ஆனா முழு பென்ஷனாமே?”

“ஆமா. முப்பது வருஷப் பிடித்தம், அறுபது வயசு.”

“என் வீட்டுக்காரரைப் போய்த் திட்டிட்டேனே. நாலு வருஷமா தினமும் மனசுக்குள்ள திட்டியிருக்கேன் மேடம். என் கையாலேயே அடக்கம் பண்ணிட்டு... வீட்டுக்கு வந்து அவரையே திட்டியிருக்கேன்.”

சதவீதம் அவள் கையைப் பிடிக்க நினைத்தாள். பிடித்துப் பழக்கமில்லாத கை பாதி வழியில் நின்று, மடியிலிருந்த பைலின் நாடாவை இறுக்கியது.

ஒரு பெட்ரோல் பங்கில் ஜீப் நின்றது. டெய்லர் அக்கா முகம் கழுவப் போனாள். சதவீதம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“சார், பேக்டரியில இருக்கறது மாடிக்காரர் இல்லை.”

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

“எப்படிச் சொல்றீங்க?”

“அவர் எனக்கு லெட்டர் போடுவார். வருஷத்துக்கு மூணு, நாலு. பதினஞ்சு வருஷமா. ‘போன மாதம் ஓவர்டைமையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள், ஓவர்டைமுக்குப் பிடித்தம் கிடையாது, விதி ஒன்பதைப் பார்க்கவும்’னு. அரைக்காசு கூடினாலும் எழுதுவார். நான் கணக்குப் போட்டுப் பதில் எழுதுவேன். நேர்ல பார்த்ததே இல்லை.”

“அதனால?”

“மாசம் ஐநூத்து நாப்பது அவர் பங்குல அதிகமா போகுது. மூணு வருஷமா. ஒரு லெட்டர் இல்லை. அவரா இருந்தா முப்பத்தாறு லெட்டர் வந்திருக்கும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “லெட்டர் நின்னப்ப, நான் ஏதோ தப்பாப் பதில் எழுதிட்டேன், கோவிச்சுக்கிட்டார்னு நினைச்சேன். பழைய பைலை எல்லாம் எடுத்து என் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். தப்பு இல்லை.”

இன்ஸ்பெக்டர் முழுசாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அவர் இல்லைன்னா, பேக்டரியில இருக்கறது யாரு மேடம்?”

“தெரியலை.”

டெய்லர் அக்கா ஈர முகத்தோடு திரும்பி வந்தாள். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

*

பாட்டில் பேக்டரி.

வாசலிலேயே பாட்டில் கழுவும் சோடாக்காரத்தின் நெடி. உள்ளே ஓயாத கிளிங்... கிளிங்... ஓட்டை விழுந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை வழியாக ஈரத் தரையில் வட்ட வட்டமாக வெயில்.

சம்பள கிளார்க் ஒல்லியான மனிதர். போலீஸைப் பார்த்ததும் இன்னும் ஒல்லியானார்.

“நம்பர் இதுதான் சார். பாஸ்புக்கோட வந்தார். எங்களுக்கு நம்பர் இருந்தா போதும். பாஸ்புக்ல போட்டோ கிடையாது.”

“அதிகமாப் பிடிச்சிருக்கீங்க” என்றாள் சதவீதம். “வயசை எதை வெச்சு எழுதினீங்க?”

“அவர் பூர்த்தி பண்ண பாரத்தை வெச்சுதான் மேடம். பிறந்த தேதியை அவர் கையாலேயே எழுதியிருக்கார். இதோ.”

பாரத்தைப் பார்த்தாள். அலுவலக ரெஜிஸ்டரில் உள்ள தேதி இல்லை. ஆறு வருஷம் பிந்திய தேதி. வேறு மாதம். வேறு நாள்.

வயதைக் குறைக்கிறவன் வருஷத்தை மாற்றுவான். மாதத்தையும் நாளையும் எதற்கு மாற்ற வேண்டும்?

சத்தமாகப் படித்தாள்.

பின்னால் நாற்காலி நகரும் ஓசை.

டெய்லர் அக்கா எழுந்து நின்றிருந்தாள்.

“மேடம்... இன்னொரு தடவை படிங்க.”

படித்தாள்.

“அது என் வீட்டுக்காரர் பிறந்த தேதி.”

கிளார்க் ஏற்கெனவே ஆளனுப்பியிருந்தார். கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸ், நனைந்த ஏப்ரன், நரைத்த தலையோடு ஒரு மனிதன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

“கூப்பிட்டீங்களா சார்?”

இன்ஸ்பெக்டர் கதவை மறித்து நின்றார்.

அவன் டெய்லர் அக்காவைப் பார்த்தான். துடைத்துக்கொண்டிருந்த துணி கீழே விழுந்தது.

“நீ... எப்படி இங்க?”

“நாலு வருஷம் ஓடிப்போனவன் பொண்டாட்டியா இருந்தேன்” என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. “ஒரே ஒரு நாள்... நேத்து ஒரு நாள் மட்டும் விதவையா இருந்தேன். நிம்மதியா தூங்கினேன். அதையும் கெடுத்துட்டியே.”

*

மாடிக்காரரைக் கொன்றது, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டது, ரூமைக் கொளுத்தியது... எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள அவனுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது.

“இருபத்தேழு வருஷம் சார். மனுஷனுக்கு ஒரு சொந்தம் கிடையாது. செத்தா அத்தனையும் யாருக்கும் இல்லாம போயிடும். நமக்கோ ஒரு வருஷம் கூட முழுசா இல்லை. இன்னும் மூணு வருஷம் உழைச்சா முப்பது. அப்புறம் அவர் கணக்குல அறுபது வயசு ஆகற வரைக்கும் காத்திருந்தா போதும்னு நினைச்சேன்.”

“பிறந்த தேதியில கோட்டை விட்டியே” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பேரை எழுதறப்ப ஞாபகமா அவர் பேரை எழுதினேன். தேதியைக் கேட்டதும் கை தானா என் தேதியை எழுதிடுச்சு. கிளார்க் வாங்கிக்கிட்டார். அப்புறம் மாத்தக் கேட்டா சந்தேகம் வரும்.”

சதவீதம் அதுவரை எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்டாள்.

“நீங்க மாடிக்குப் போனப்ப... அவர் என்ன பண்ணிட்டு இருந்தார்?”

“லெட்டர் எழுதிட்டு இருந்தார். உங்க ஆபீஸுக்குத்தான். அதுவும் எரிஞ்சு போச்சு.”

“படிச்சீங்களா?”

“மேலாகப் பார்த்தேன். ‘இந்த முறை கணக்கில் தவறு ஏதும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்’னு ஆரம்பிச்சிருந்தார்.”

“அப்புறம்?”

“அதுக்கு மேல அவர் எழுதலைங்க. நான் உள்ள போயிட்டேன்.”

சதவீதம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே கழுவிய பாட்டில்கள் வரிசையாக, காலியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வெகு நேரம் அவற்றையே பார்த்தாள். டெய்லர் அக்கா எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. தோளில் கை வைத்தாள். சதவீதம் விலகவில்லை.

விலங்கு மாட்டினார்கள். ஜீப் வரை பேசாமல் நடந்தவன், படியில் கால் வைத்ததும் திரும்பினான்.

“மேடம், ஒரு சந்தேகம். அந்த இருபத்தேழு வருஷம் போகட்டும். கடைசி நாலு வருஷம் நான் உழைச்சுக் கட்டினது. அதுக்காவது எனக்கு பென்ஷன் உண்டா?”

இன்ஸ்பெக்டர் கையை ஓங்கிவிட்டார். சதவீதம் தடுத்தாள். கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்லியே பழகியவள்.

“செத்தவர் பேர்ல கட்டினது செல்லாது. அந்த நாலு வருஷமும் ரத்து. உங்க சம்பளத்துல பிடிச்சது உங்களுக்குத் திரும்பி வரும், வக்கீலுக்குக் குடுக்கலாம். முதலாளி பங்கு முதலாளிக்கே போயிடும். பென்ஷன் கிடையாது.”

“அப்ப நான் வயசான காலத்துல என்ன பண்றது மேடம்?”

“கவலைப்படாதீங்க” என்றாள் சதவீதம், பைலின் நாடாவைக் கட்டியபடி. “ஜெயில்ல வேலையும் உண்டு, கூலியும் உண்டு. அந்தக் கூலியில நூத்துக்கு எட்டு என்ன, ஒண்ணு கூடப் பிடிக்க மாட்டாங்க!”