முதுகில் ஒரு கை

கார்டு கையசைக்கவில்லை. ஸ்டெபினுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் நிற்கிற கார்டுகள் பெரும்பாலும் கையசைத்துவிடுவார்கள். நாள் முழுக்க உப்பளத்தையும் உடைமரத்தையும் பார்த்துச் சலித்தவர்களுக்கு, வேகாத வெயிலில் தண்டவாளத்து ஓரம் காமிராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கிறுக்கனைப் பார்த்தால் ஒரு சந்தோஷம். சிலர் பச்சைக் கொடியையே ஆட்டுவார்கள். திரையில் திறந்திருந்த, போன வாரம் எடுத்த இந்தப் படத்தில் கார்டின் கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. அவர் காமிராவைப் பார்க்கவில்லை. ஸ்டெபினின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் நின்ற கூட்டாளி வளனைத்தான் பார்த்திருப்பார் என்று ஸ்டெபின் தனக்குள் சொல்லிக்கொண்டான். வளன் ஒன்றும் மன்மதன் இல்லைதான், ஆனால் பார்த்தவர் வாயைப் பிளக்கிற அளவுக்கு மோசமும் இல்லை. சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

ஸ்டெபின் நாசரேத்துக்காரன். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை, தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் தனிக்கட்டை வாழ்க்கை. வளன் கடற்கரைக்காரன், கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். அந்தக் குழந்தையை மாதா கோயில் தேர் பார்க்கத் தோளில் சுமந்துபோனவன் ஸ்டெபின்தான். இருவரையும் சேர்த்து வைத்தது ரயில் பைத்தியம். அதிலும் பயணிகள் வண்டி இல்லை, கூட்ஸ். அதிலும் கலப்பு கூட்ஸ். இப்போதெல்லாம் நிலக்கரி என்றால் முழுக்க நிலக்கரி, கண்டெய்னர் என்றால் முழுக்க கண்டெய்னர். முன்னால் இரட்டை டீசல் இன்ஜின், பின்னால் மூடிய பெட்டி, டேங்கர், வெள்ளைக் கண்டெய்னர், உர வேகன் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வருகிற வண்டி அபூர்வம். அப்படி ஒன்று துறைமுகப் பாதையில் வருகிறது என்று காதில் விழுந்தால் இருவரும் சோற்றில் கையை வைத்தபடியே எழுந்துவிடுவார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காமிராவைக் கண்ணில் வைத்தவனுக்குத் தூரம் தெரியாது. லென்ஸ் வண்டியைத் தள்ளிக் காட்டும். இன்னும் ஒரு எட்டு, இன்னும் ஒரு எட்டு என்று கால் தானாக முன்னால் போகும். அதனால் ஒருவன் படம் எடுக்கும்போது இன்னொருவன் அரை எட்டுப் பின்னால் நின்று அவன் முதுகில் கையை வைத்திருப்பான். ரொம்பக் கிட்டே போனால் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுப்பான். படம் எடுப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. முதுகில் கை இருக்கிறது, அது போதும். பெற்ற தாயை நம்பாதவன்கூட அந்தக் கையை நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கையால்தான் ஸ்டெபின் இன்று உயிரோடு இருந்தான். போன வாரம், படத்திலிருந்த இதே வண்டி கடந்தபோது, தார்ப்பாயிலிருந்து அவிழ்ந்த ஒரு கயிறு கொக்கியோடு வீசிக்கொண்டு வந்தது. முதுகுக் கை சட்டையோடு பின்னால் இழுத்த இழுப்பில், கொக்கி மூக்குக்கு நேரே காற்றைக் கிழித்துப் போனது. அன்று ராத்திரி வளனுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்து, "நீ இழுக்கலைன்னா என் மூஞ்சி போயிருக்கும்ல" என்றான். வளன் தலை நிமிராமல் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மேலே காற்றாடி கடக் கடக் என்று சுற்றியது. தெருவில் யாரோ மீன் பொரித்த வாசனை ஜன்னல் வழியே வந்தது. ஸ்டெபின் கார்டின் படத்தை மூடிவிட்டு, வண்டி வந்த வரிசையில் மற்ற படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

முதுகுக்குப் பின்னால் சாயங்கால வெயில் இருக்கும்படி நின்றால்தான் வண்டி துலங்கும். ஆனால் வெயில் தாழ்ந்துவிட்டால் நிற்பவன் நிழல் வண்டிமேலே விழுந்து படத்தைக் கெடுக்கும். அவர்களுடைய பழைய படங்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு: பெட்டிகளின் பக்கவாட்டில் இரண்டு நீள நிழல், நடுவில் பாலம் போட்டதுபோல ஒரு கை. இதிலும் இன்ஜின்மேல் இரண்டு நிழல் இருந்தது, நடுவில் கை இருந்தது. அடுத்த மூடிய பெட்டியிலும் இருந்தது.

டேங்கரில் கை இல்லை. இரண்டாம் நிழல் விலகியிருந்தது.

அதற்கடுத்த வெள்ளைக் கண்டெய்னரில் இரண்டாம் நிழல் படத்தின் ஓரத்தில், சின்னதாக, குனிந்து, ஓடுகிறவனின் நிழலாக இருந்தது. பிறகு வந்த பெட்டிகளில் அதுவும் இல்லை. ஸ்டெபினின் நிழல் மட்டும் தனியாக நின்றது.

கயிறு வீசிய பெட்டி இவை எல்லாவற்றுக்கும் பின்னால் வந்தது.

அவன் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தான். நிழல் ஒன்றுதான். ஆனால் அந்த நிழலின் சட்டை முதுகுப் பக்கம் கூம்பாகப் புடைத்துப் பின்னால் இழுபட்டிருந்தது. இழுக்கிற கை இல்லை. கைக்குரியவனும் இல்லை. வெறும் வெயில்.

நன்றாகப் பார்க்க ஸ்டெபின் திரையை நோக்கிக் குனிந்தான். மூக்கு திரையைத் தொடப் போனது. அப்போது அவன் சட்டை முதுகில் இறுகியது. மெதுவாக, அக்கறையாக, ரொம்பக் கிட்டே போகாதே என்பதுபோல யாரோ அவனைப் பின்னால் இழுத்தார்கள்.

நாற்காலி கவிழ்ந்தது. அறையில் யாரும் இல்லை. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு கையளவு இடம் மட்டும் ஈரமாக, சூடாக இருந்தது. சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். உப்பளத்துச் சேற்று வாடை.

வளனுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். வெகுநேரம் கழித்து வளனே கூப்பிட்டான்.

"பாத்துட்டியோ?" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

பயத்தைவிட அந்த ஒரு கேள்விதான் ஸ்டெபினைச் சுட்டது. இவனுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டேதான் மக்ரூன் தின்றிருக்கிறான்.

"நாளைக்கு அந்தக் கலப்பு கூட்ஸ் திரும்ப வருது. அங்கன வா, சொல்லுதேன்" என்று வளன் போனை வைத்தான்.

மறுநாள் மாலை. பாதையின் இருபுறமும் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. குவித்த உப்பின்மேல் கீற்று மூடியிருந்தது. தேங்கின தண்ணீரில் உள்ளான் குருவிகள் கூட்டமாக மேய்ந்தன. துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்றில் கரித்தூளும் உர வாடையும் கலந்து தொண்டையைக் கரித்தது. வளன் பைக்கை உடைமரத்தடியில் நிறுத்திவிட்டு, அதிலேயே சாய்ந்து நின்றான். நாலு நாள் தூங்காதவன் முகம் மாதிரி இருக்கும் என்று ஸ்டெபின் எதிர்பார்த்து வந்திருந்தான். அப்படி இல்லை. வளன் நன்றாகத் தூங்கியிருந்தான்.

"மழைக்காலத்துல நீ நாசரேத்துக்குப் போயிருந்தல்லா, அன்னைக்கு நான் தனியா வந்தேன். படம் எடுத்துக்கிட்டு நிக்கேன், முதுகுல கை. நீதான் வந்துட்டன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கல. நாமதான் திரும்ப மாட்டோமே."

"பெறவு?"

"வண்டி போன பெறவு திரும்புனா ஒருத்தரும் இல்ல. ஆனா கை இருக்கு. வீட்டுக்கும் வந்துட்டு. முதல்ல பின்னாலதான் இழுக்கும்ல, நல்லதுதான் செய்யும். பெறவு சும்மா வச்சிருக்கும். பெறவு..." வளன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான். "பெறவு முன்னால தள்ளப் பாக்கும். கிணத்தை எட்டிப் பாத்தா தள்ளும். ரோட்டோரம் நின்னா தள்ளும். ஒருநா பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு மொட்டைமாடியில நின்னேன்."

ஸ்டெபின் ஒரு எட்டுப் பின்வாங்கினான். "அதை எப்படி எங்கிட்ட விட்ட?"

"உன் முதுகுல என் கை. என் முதுகுல அது. நான் கைய எடுத்துட்டு வெலகுனேன். அது என் இடத்துல நின்னுக்கிட்டு."

"தெரிஞ்சேதான் வெலகுனியால?"

வளன் உப்பளத்தைப் பார்த்தான். "எனக்குப் பிள்ளை இருக்குல. உனக்கு யாரு இருக்கா?"

ஸ்டெபின் அவனை அடித்திருக்கலாம். கை எழவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் உப்பாகவே கிடக்கிற இடத்தில் நின்றுகொண்டு ஒருவன் இப்படிக் கேட்கிறான். எனக்கு நீ இருந்தாயே என்று சொல்ல நினைத்தான். அழுகைதான் வந்தது, வெட்கமில்லாமல் வந்தது.

அதைப் பார்த்து வளனும் கலங்கினான். கிட்டே வந்து அவன் தோளைப் பிடித்தான். "அழாதல. அதுக்குத்தான் இங்கன வரச் சொன்னேன். அதைத் திரும்ப நானே வாங்கிக்கிடுதேன். நீ எப்பவும்போலப் படம் எடு. நான் பின்னால வந்து கைய வைக்கேன். என் கை பட்டுட்டா அது எடத்தை விட்டுட்டு என் முதுகுக்கு வந்துரும். ஆனா திரும்பிப் பாத்துராத மாப்ள. பாத்தா கெட்டுப்போகும்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

ஸ்டெபின் நம்பினான். நம்பாவிட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் எது? அவ்வளவு வருடம் இந்தக் கையை நம்பியே நின்ற முதுகு அது.

தண்டவாளம் லேசாக முனகத் தொடங்கியது. தூரத்தில் இன்ஜினின் விளக்கு கானலில் நெளிந்தது. ஸ்டெபின் ஜல்லியின் ஓரம் போய் நின்று காமிராவைக் கண்ணில் வைத்தான். சூரியன் முதுகில் சுட்டது. பின்னால் ஜல்லி நறநறத்தது. வளன் நடந்து வருகிறான். ஒரு எட்டு, இன்னொரு எட்டு. பிறகு, எப்போதும் வைக்கிற இடத்தில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு கை வந்து படிந்தது.

அழுத்தமான, பழக்கமான கை. ஸ்டெபினின் மூச்சு இறங்கியது. கண் நிறைந்து லென்ஸ் மங்கியது. மன்னித்துவிட்டேன்ல என்று உள்ளுக்குள் சொன்னான்.

இன்ஜின் கத்திக்கொண்டே வந்தது. ஒரே நீளமான கூவல், விடாமல். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். டீசல் புகையும் சூடும் முகத்தில் அறைந்தன. இரட்டை இன்ஜின் கடந்தது. மூடிய பெட்டிகள் கடந்தன. தரையின் அதிர்வு பல்வரை ஏறியது.

வெள்ளைக் கண்டெய்னர்கள் வந்தன.

முதல் கண்டெய்னரில் அவன் நிழல் விழுந்தது.

ஒற்றை நிழல்.

அடுத்ததிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

கை முதுகில்தான் இருந்தது.

காமிரா கையிலிருந்து நழுவிக் கழுத்தில் தொங்கியது. பின்னால் போகக் காலை எடுத்தான். முடியவில்லை. கை விடவில்லை. இழுக்கவும் இல்லை. சும்மா வைத்திருந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்றான் வளன். ஏன் சொன்னான் என்று இப்போது தெரிந்தது. ஸ்டெபின் தலையைத் திருப்பினான்.

பின்னால் யாரும் இல்லை. வெயில் மட்டும். அதற்கப்பால், தூரத்தில், உடைமரத்தடியில், பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டு வளன் நின்றிருந்தான். ஜல்லியில் நடந்தது அவன் இல்லை. அவன் அங்கிருந்து வரவே இல்லை. கை தன்னிடம் திரும்பிவிடாமல் இங்கேயே முடியட்டும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"வளா!"

பெட்டிகளின் இரைச்சலில் அது அவனுக்கே கேட்கவில்லை. ஆனால் வளன் பார்த்தான். நேராகத்தான் பார்த்தான். தலையிலிருந்த தொப்பியை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். தலை குனிந்தான். சவப்பெட்டி தெருவைக் கடக்கும்போது கடற்கரைக்காரர்கள் போடுகிற சிலுவையை நெற்றியில் தொடங்கி, நிதானமாக, முழுசாகப் போட்டான்.

உர வேகன்கள் வந்தன. காற்று முகத்தை இழுத்தது.

ஸ்டெபினின் முதுகில், இருந்த கைக்குப் பக்கத்தில், இன்னொரு கை வந்து படிந்தது.