தொட்டிக்குள் இரண்டு கால்கள்

“நான் நின்னுட்டேன் உஷா. மிதிக்கிற சத்தம் மட்டும் நிக்கல.”

“உங்க தொப்பை குலுங்குற சத்தம்லா அது. பேசாம மிதிங்க.”

தொட்டிக்குள் அவள் கணவன் யுகேந்திரன் சிரித்தான். கைக்கு எட்டாத உயரமுள்ள அந்த எஃகுத் தொட்டியில் காய்ந்த பச்சோலி இலையைக் கொட்டி, ஆள் இறங்கி மிதித்து மிதித்து அமுக்கினால்தான், பிறகு மூடியை இறுக்கி அடியில் தீ மூட்டும்போது ஆவி சந்து தேடி ஓடாமல் இலை முழுக்க ஏறி வாசனை எண்ணெயைப் பிரிக்கும். மிதிக்க இடம் வேண்டுமே என்று ஏணியை உஷாராணி வெளியே இழுத்துவிடுவாள். அவன் கூப்பிட்டதும் இறக்குவாள். நகரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்து, பந்திங்கில் செம்பனை மரங்களை வெட்டிய நிலத்தில் இருவரும் நட்டு எடுத்த முதல் அறுவடை இது.

வெளியே ஹாரன் கேட்டது. விறகு லோரி.

“கேட் தொறந்துட்டு வரேன். கத்தாதீங்க, காதுல விழாது.”

விறகை இறக்கிவிட்டு லோரி போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அவள் கொட்டகைக்குள் ஓடி வந்தபோது தகரக் கூரை மேல் மழை இரைந்தது. ஈரமண்ணும் பழைய பெட்டி வாசமும் கலந்தது போன்ற பச்சோலி நெடி மூக்கை அடைத்தது. தொட்டியின் மூடி இறுக்கப்பட்டிருந்தது. அடியில் தீ எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால், அவளுக்கு முதுகு காட்டி, யுகேந்திரன் குந்தியிருந்தான்.

“பாதிகூட ரொம்பலயே. அதுக்குள்ள மூடிட்டீங்க?”

“போதும்.”

குரல் அவனுடையதுதான். சட்டையும் அவனுடையதுதான். உஷாராணி தலையைத் துவட்டினாள். இலை மிதித்தவன் கால் முட்டிவரை பழுப்பேறி, சருகு ஒட்டி, இரண்டு நாள் கழுவினாலும் நாறும். இவன் பாதங்கள் வெளுத்திருந்தன, குளித்து வந்தவன் பாதங்கள் மாதிரி.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. அவள் வைத்த இடத்தில். அவள் வைத்த மாதிரியே.

“எப்படிங்க வெளிய வந்தீங்க?”

அவன் குனிந்து தீயைக் கிளறினான்.

தொப். தொப். தொட்டிக்குள் மிதிக்கும் சத்தம். மழையென்று நினைக்கப் பார்த்தாள். தொப். தொப். அடித்தகடு சூடேறச் சூடேற அது வேகமெடுத்தது. மிதியல்ல. துள்ளல். பிறகு உள்ளிருந்து எஃகைக் கைகள் அறைந்தன.

“உஷா!”

அதே குரல்.

மூடியைத் திறக்க அவள் ஏணியை நோக்கிப் பாய்ந்தாள். ஈரமான ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தது. அவளால் அசைய முடியவில்லை.

“உஷா! உஷா!”

முன்னால் இருந்தவன் மெதுவாக முகத்தைத் திருப்பினான். யுகேந்திரனின் கண். யுகேந்திரனின் மீசை. உள்ளே அலறல் எழும்போதெல்லாம் இவன் உதடுகளும் அதனுடன் சேர்ந்து, சத்தமில்லாமல், திறந்து மூடின.

பிறகு அவன் சிரித்தான். இன்னொரு கையை அவள் முன் நீட்டினான்.

“தீ பத்தல உஷா. இன்னொரு கட்டை எடுத்துக் குடேன்.”