சட்டைப் பையில் ஃபியூஸ்

வெயில் சாயும் நேரத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். டவரை இறக்கிக் கொடுக்கச் சொல்லி அந்த அம்மா போன் செய்திருந்தார். வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் ஆண்டெனா டவரில் ஏறுவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஏற்றிக் கொடுப்பதைவிட இறக்கிக் கொடுப்பதுதான் இப்போதெல்லாம் அதிகம்.

அவருடைய கணவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. குரல் மட்டும் தெரியும். பேச ஆரம்பிக்குமுன் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவார். அதனால் ரேடியோவில் எங்களுக்கு அவர் ‘செருமல் சார்’. போன வருஷம் இதே டவரிலிருந்து விழுந்து செத்துப்போனார்.

அண்ணாந்து பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உச்சியில் அறையின் அகலத்துக்கு ஓர் ஆண்டெனா. அதைத் திருப்புவதற்கு அடியில் உட்கார்ந்திருந்த ரொட்டேட்டரோ டிபன் டப்பா அளவுதான்.

“என்னம்மா இது, ஆட்டுக்குட்டி முதுகுல எருமையை ஏத்தின மாதிரி! டிவி ஆண்டெனாவைத்தான் இது தாங்கும்.”

“சொன்னா கேக்குற ஆளா அவரு? ‘திருப்புதுல்ல, போதும்’னுவாரு.”

திருப்புவது யாருக்கு வேண்டும்? காற்று தள்ளும்போது அசையாமல் பிடித்து நிறுத்த வேண்டும். ரொட்டேட்டருக்கு அதுதான் பெரிய வேலை. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது, ஒருத்தரும் கேட்பதில்லை.

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“தம்பி, டவரை இறக்க மட்டும் உங்களைக் கூப்பிடல. அன்னிக்கு அவரு மேல இருந்தாரு. நான் ரேடியோ ரூம்ல மேசையைத் துடைச்சிட்டிருந்தேன். ஆண்டெனாவைத் திருப்புற பெட்டி அந்த மேசை மேலதான் இருக்கும், அதுல என் கை பட்டிருக்குமோ என்னவோ. வெளியில சத்தம் கேட்டுது. ஓடிப் போய்ப் பாத்தா...”

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தொடர்ந்தார்.

“‘நீதாம்மா ஆண்டெனாவைத் திருப்பி அப்பாவைத் தள்ளிவிட்டே’ன்னு என் பொண்ணு சொன்னா. அதோட பேச்சை நிறுத்திட்டா. என் கை பட்டுச்சா இல்லையான்னு எனக்கே தெரியல. நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது. பாத்தா உங்களுக்குத் தெரியுமா தம்பி?”

“பாக்கலாம்மா” என்றேன்.

“இன்னொண்ணு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சாயங்காலம் ஆனா அந்த ஆண்டெனா தானா திரும்புது.”

“காத்தும்மா.”

“இலை அசையாத அன்னிக்கும் திரும்புது.”

ரேடியோ அறையில் ஒரு வருஷத்துத் தூசி. அவர் போனபிறகு யாரும் எதையும் தொடவில்லையாம். திருப்பும் பெட்டியை எடுத்து, பின்பக்கம் ஃபியூஸ் மூடியைத் திருகினேன்.

உள்ளே ஃபியூஸ் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டவரில் ஏறுகிறவன் முதலில் பெட்டியின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கீழே யார் கை பட்டாலும் மேலே ஆண்டெனா திரும்பாது. இறங்கி வந்தபின் தன் கையாலேதான் அதைத் திரும்பப் போடுவான். இன்னொருத்தர் போடக் கூடாது.

செருமல் சார் கழற்றிக்கொண்டுதான் ஏறியிருக்கிறார். இறங்கி வந்து போடவில்லை, அவ்வளவுதான்.

“அம்மா, நீங்க இந்தப் பெட்டி மேலயே ஏறி உக்காந்திருந்தாலும் அது அசைஞ்சிருக்காது.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

“அப்ப எது திருப்புச்சு?”

“மேல போய்ப் பாத்துட்டு வரேன்.”

இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன். ரொட்டேட்டரின் மூடியைத் திறந்ததும் விளங்கிவிட்டது. பிரேக் கட்டை இரண்டாக உடைந்திருந்தது. கியரில் பல்லே இல்லை, மழமழவென்று தேய்ந்துபோயிருந்தது. கிரீஸ் முழுக்க இரும்புத் தூள். தாங்க முடியாத பாரம், அன்றைக்கு ஒரு பலத்த காற்று, ஆண்டெனா தானே சுழன்று அவரைத் தள்ளியிருக்கிறது, முடிந்தது கதை. மகளுக்குக் காட்டப் படம் எடுத்துக்கொண்டேன்.

இந்த நிலையில் ஆண்டெனா விரலால் தொட்டாலே சுற்ற வேண்டும். தள்ளிப் பார்த்தேன்.

அசையவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவே இல்லை. மறுபக்கத்திலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே மரங்களில் ஓர் இலைகூட ஆடவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில் தொண்டையைச் செருமும் சத்தம்.

இரண்டு தரம்.

டவர் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்தப் பெரிய ஆண்டெனா என் தலையை உரசாமல், மெதுவாக, அவ்வளவு மெதுவாகத் திரும்பியது. நின்றது. கண்ணைத் திறந்தபோது அது ரயில் பாதைக்கு அப்பால் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். கீழே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “உங்க பொண்ணு எந்தப் பக்கம்மா இருக்கு?”

அந்த அம்மா கையை நீட்டினார். ரயில் பாதைக்கு அப்பால், மலைப்பக்கம்.

நான்தான் மகளுக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்தெறிந்து பேசினாள். காலி ஃபியூஸ் கூடு, உடைந்த பிரேக், பல்லில்லாத கியர் என எல்லாப் படத்தையும் அனுப்பிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“அம்மாகிட்ட குடுங்க” என்றாள் கடைசியில்.

அந்த அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டார். “சாப்ட்டியாடி?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே மகள் வந்து அம்மாவை அழைத்துப்போய்விட்டாள். ஆட்களை வைத்து டவரை இறக்கினேன். திருப்பும் பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா கொடுத்துவிட்டார். என் அறையில் அலமாரி மேல் வைத்தேன். அதன் மின்சாரக் கம்பியை எதிலும் செருகாமல் சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தேன்.

என் அறையில் நான் ஒருத்தன்தான். விளக்குப் போட்டு வைக்கவும் ஆள் கிடையாது. நேற்று பொழுது சாயும்போது வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். அலமாரி மேல் மஞ்சளாக வெளிச்சம்.

பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதன் முகப்பில் திசை காட்டும் முள், மகளின் ஊர் இருக்கும் மலைப்பக்கத்தைக் காட்டி நின்றது.

சுருட்டிய கம்பி சுருட்டியபடியே கிடந்தது. பின்பக்கம் ஃபியூஸ் மூடியைத் திருகினேன்.

உள்ளே ஒரு ஃபியூஸ் இருந்தது. தொட்டேன். சட்டைப் பையிலிருந்து அப்போதுதான் எடுத்துப் போட்டது போல, உடம்புச் சூட்டோடு இருந்தது.